வியாழன், பன்னிரண்டு மணி வரை

இரண்டு வாரத்துக்கொரு வியாழன் எங்கள் முறை.
ஓல்டனில் இந்தக் கட்டடத்தின் நிலவறையில்
எட்டுக் குடும்பங்களுக்கு ஒரு மெஷின்.
சாவி ஆணியில் தொங்கும்.
பலகையில் பெயர்கள்.
எங்கள் பெயர் நீளமென்று
பாதியில் வெட்டி எழுதியிருக்கிறார்கள்.

அது இன்றைக்கும் வந்தது.
காரணம் கேட்காதீர்கள்.
ஒரு சொக்ஸுக்குச் சோடி கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.
அடுத்த கணம்
நெஞ்சுக்குள் யாரோ கதிரைகளை இழுத்துப் போடுகிறார்கள்,
காது அடைக்கிறது,
கூடை சுவரில் மோதிக் கவிழ்ந்து கிடக்கிறது.
எறிந்தது நான்தான்.

முதல் தடவை ரயில் நிலையச் சுரங்கப்பாதையில்.
பிறகு கடையில், தயிர் அடுக்குக்கு முன்னால்.
எட்டு மாதமாய் வீட்டில் சொல்லவில்லை.
வீட்டில் எல்லோரும் களைத்துப்போய் வருகிறார்கள்,
நாலு பேரின் களைப்புக்கே அறை காணாது.

இருபத்திரண்டு வயது எனக்கு.
பல் மருத்துவரிடம் உதவியாளராய்ப் பயில்கிறேன்.
வாய் திறந்து கிடப்பவர்களிடம்
"மூக்கால் மூச்சு விடுங்கள், இதோ முடிந்துவிடும்" என்று
நாளுக்குப் பத்துத் தடவை சொல்கிறேன்.
அந்தக் குரலை இங்கே கொண்டுவர முடியவில்லை.
அது வெள்ளைச் சட்டையோடு
அங்கேயே மாட்டியிருக்கிறது.

போன மாதம் ஒரு பெண்மணி,
தண்ணீர் காணாத செடியொன்றுக்குப் பக்கத்தில் இருந்து
ஒரு அட்டை தந்தார்.
கண்ணில் படுவதை ஒவ்வொன்றாய்ப் பெயர் சொல்லு என்றிருந்தது.
ஜெர்மனில் சொன்னால் வேலை செய்யவில்லை.
ஜெர்மனில் எனக்கு எல்லாப் பெயரும் தெரியும்.
நாக்கு தன்பாட்டில் ஓடும்,
பின்னால் அதுவும் ஓடிவரும்.

ஆகவே தமிழில்.
குழாய். வாளி. சுவர். ஈரம்.
உடுப்புக் காயப்போடும் கொடி.
கொடியில் கடித்துக்கொண்டிருக்கும் அது என்ன, கிளிப்பா?
கவ்வி என்று வைத்துக்கொள்வோம்.
நான் சொல் தேடுகிற நேரமெல்லாம்
அது வாசலில் நின்று பார்க்கிறது,
உள்ளே வருவதா போவதா என்று தெரியாமல்.

குளிர்நீரில் மணிக்கட்டுகளைப் பிடித்தேன்.
நிலத்தில் இருந்தேன்.
கைக்கு ஒரு வேலை வேண்டுமென்று
உலர்த்தியின் வடியை இழுத்தேன்.
சாம்பல் நிறத்தில் மெத்தென்று ஒரு படை,
எங்கள் நாலு பேரின் உடுப்பும்
சத்தமில்லாமல் உதிர்த்தது.
இதற்குத் தமிழில் என்ன?
பஞ்சு இல்லை. தூசு இல்லை. நூலும் இல்லை.

அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன்.
இரவு வேலை முடித்து ஏழு மணிக்குத்தான் படுத்தவள்.
"அம்மா, வடியில சேருமே, அதுக்குப் பேர் என்ன?"
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
என் மூச்சு கேட்டிருக்க வேண்டும்.
"நில்லு, வாறன்."

வந்தாள்.
இரவுச் சட்டைக்கு மேல் அண்ணாவின் ஜாக்கெட்,
இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு.
என்ன நடந்தது என்று கேட்கவில்லை.
கவிழ்ந்த கூடையை நிமிர்த்தாமல் அதன்மேலேயே இருந்தாள்.
அந்தச் சாம்பலை எடுத்து
விளக்குத் திரிபோல விரலில் திரித்தாள்.
"பேர் தெரியேல்ல பிள்ளை.
நான் இதை எடுத்து எறியிறதுதான்."
கொஞ்சம் கழித்து, திரியைப் பார்த்தபடி,
"எனக்கும் வாறது. பஸ்சில.
நான் ஸ்டொப்புகளை எண்ணுவன்."

இத்தனை வருடம் ஒரே வீட்டில்
ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர்
எண்ணிக்கொண்டிருந்திருக்கிறோம்.

பன்னிரண்டு அடித்தது.
திருமதி சும்ஸ்டைன் தன் கூடையோடு வாசலில்.
அம்மா, இந்தப் படிகளில் ஒருநாளும்
குதி பதித்து நடக்காதவள்,
எழும்பவில்லை.
"ஃபுன்ஃப் மினூட்டன்" என்று
ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள்.
நுனிகளில் சாம்பல்.

மெஷின் கடைசிச் சுழற்சியில்
இடம்விட்டு நகர்ந்து குதித்து, நின்றது.
நின்ற பிறகும் கதவு உடனே திறக்காது,
இரண்டு நிமிடம் பிடிக்கும்.
நாங்கள் இருந்தோம்.